லஞ்சத்துக்கும் தேய்மானம் உண்டு

காக்னிசண்ட் நிறுவனம் சென்னையில் 27 லட்சம் சதுர அடியில் ஓர் அலுவலக வளாகம் கட்டியது. 2014இல் திட்ட அனுமதி இழுத்துக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டு அரசின் மூத்த அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டார் என்றும், அதைக் கட்டுமான ஒப்பந்ததாரரின் கையால் கொடுத்துவிட நிறுவனத்தின் தலைமை ஒப்புதல் தந்தது என்றும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியில் பிறப்பித்த ஆணை சொல்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்ற வழக்கமான வாசகத்தோடு நிறுவனம் 2.5 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்ட இரண்டு உயரதிகாரிகளும் கடைசிவரை மறுத்தார்கள். அவர்கள்மீதான வழக்கை அமெரிக்க அரசே திரும்பப் பெற, 2025 ஏப்ரலில் அது விசாரணைக்கு வராமலே தள்ளுபடியானது.

யார் கேட்டார், யார் கொடுத்தார் என்பதைவிட, முன்பணம் போட்ட ஒப்பந்ததாரருக்கு அந்தத் தொகையை எப்படித் திருப்பிக் கொடுக்கத் திட்டமிட்டார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கட்டட வேலை பார்த்தவர்களுக்கு 'எக்ஸ்ட்ரா ஐட்டம்' தெரியாமல் இருக்காது. ஒப்பந்தம் போட்ட பிறகு ஒரு சுவரை நகர்த்தச் சொல்வார்கள், கேபிள் கூடுதலாகத் தேவைப்படும், தரைக்கு வேறு கல் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி ஒப்புதல், தனி பில். இவை இல்லாமல் உலகத்தில் எந்தக் கட்டடமும் எழும்பியதில்லை. ஆணையத்தின் ஆணைப்படி, லஞ்சமும் ஒப்பந்ததாரரின் சிரமத்துக்கான கூலியுமாகச் சேர்த்து 25 லட்சம் டாலர் இந்தக் கூடுதல் வேலை விண்ணப்பங்களுக்குள் செருகப்பட்டது.

இனி அது என்ன ஆகும் என்று கணக்கு தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கூடுதல் வேலைக்கான பில் கட்டடத்தின் அடக்கவிலையில் சேரும். அடக்கவிலை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக ஏறும். சொத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படும். சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்குச் செய்த செலவை வருமானத்தில் கழிக்க முடியாது என்று அப்போதைய இந்திய வருமான வரிச் சட்டத்தின் 37ஆவது பிரிவு சொன்னது. லஞ்சத்தைச் செலவென்று எழுதினால் அந்தப் பிரிவில் மாட்டும். சுவரென்று எழுதினால் தேய்மானமாகப் பல வருடங்களுக்குக் கழிந்துகொண்டே இருக்கும். காக்னிசண்ட் நிறுவனமே 2016ஆம் ஆண்டுக் கணக்கில், முந்தைய ஆண்டுகளில் சொத்தாகப் பதிந்திருந்த 41 லட்சம் டாலரைச் செலவாகத் திருத்தி எழுதவேண்டி வந்தது.

ஊழல் நிறுவனக் கணக்குகளைப் பொய்யாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். வளரும் நாடுகளில் நடந்த பெரிய வழக்குகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. ஊழல் கணக்கைக் கலைப்பதே இல்லை. கணக்கு விதிகளுக்குள் நாகரிகமாகக் குடியேறுகிறது. ஒப்பந்தம் உண்மை, பில் உண்மை, வங்கிப் பரிமாற்றம் உண்மை, ஆடிட்டர் நேரில் போய்ப் பார்த்தால் கட்டடமும் உண்மை. பொய் ஒரே இடத்தில் இருக்கிறது: விலையில். விலையைத் தணிக்கை செய்யும் வழக்கம் தணிக்கைத் தொழிலில் பெரும்பாலும் இல்லை.

சத்யம் நிறுவனத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று ஒப்புக்கொண்டார். அது மோசடி. வங்கியிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் அகப்பட்டிருக்கும். லஞ்சம் அப்படி அகப்படாது. இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டும் வேலை அதில் கிடையாது. போன பணம் வேறொரு பெயரில் போயிருக்கும், அவ்வளவுதான்.

இதன் முழு விஸ்வரூபத்தைக் காணப் பிரேசிலுக்குப் போகவேண்டும்.

பெட்ரோப்ராஸ் பிரேசில் அரசின் பிடியிலுள்ள எண்ணெய் நிறுவனம். சாவோ பாவ்லோ, நியூயார்க் இரண்டு சந்தைகளிலும் அதன் பங்குகள் கைமாறுகின்றன. 2010 செப்டம்பரில் ஏறக்குறைய 7,000 கோடி டாலருக்குப் பங்கு வெளியிட்டபோது, அதுவரை உலகம் கண்ட ஆகப் பெரிய பங்கு வெளியீடு அதுதான். கடலடியில் உப்புப் படிவத்துக்குக் கீழே எண்ணெய் கிடைத்திருந்த உற்சாகம். சர்வதேசக் கணக்குத் தரநிலைகள், அமெரிக்க ஆணையத்துக்கு ஆண்டறிக்கை, பெயர் பெற்ற தணிக்கை நிறுவனம் என்று ஏட்டளவில் ஒரு குறையும் இல்லை. 2011 வரை கேபிஎம்ஜி தணிக்கை செய்தது, 2012 முதல் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ். எல்லா ஆண்டும் மாசற்ற சான்று.

2014 மார்ச்சில் பிரேசில் காவல்துறை கறுப்புப் பணத் தரகர்களைத் தேடிப் புறப்பட்டது. தலைநகர் பிரேசிலியாவிலிருந்த பெட்ரோல் பங்க் ஒன்றிலிருந்து தொடங்கியதால் அந்த விசாரணைக்கு 'கார் கழுவுமிடம்' என்று பெயர் நின்றுவிட்டது. அல்பெர்டோ யூசெஃப் என்ற தரகரின் கணக்குவழக்கைக் கிளறியபோது, பாவ்லோ ரொபெர்டோ கோஸ்டாவுக்கு அவர் ஒரு ரேஞ்ச் ரோவர் கார் வாங்கிக் கொடுத்தது தெரிந்தது. கோஸ்டா 2004 முதல் 2012 வரை பெட்ரோப்ராஸின் சுத்திகரிப்பு, விநியோகப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர். கைதானார், தண்டனைக் குறைப்புக்காக வாயைத் திறந்தார். பெரிய கட்டுமான நிறுவனங்கள் தங்களுக்குள் கூடிப் பேசி டெண்டரைப் பங்கிட்டுக்கொண்டன, ஒப்பந்தத் தொகையில் ஏறக்குறைய 3 சதவீதம் கட்சிகளுக்கும் அதிகாரிகளுக்கும் போனது என்றார்.

அதன் பின் வந்த ஆறேழு மாதங்கள் கணக்கியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கத் தக்கவை. 2014ஆம் ஆண்டின் மூன்றாவது காலாண்டுக் கணக்கு நவம்பரில் வரவேண்டும். ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். துணை நிறுவனமான டிரான்ஸ்பெட்ரோவின் தலைவர் பெயர் வாக்குமூலத்தில் அடிபட்டிருந்தது. அவர் நாற்காலியில் இருக்கும்வரை அவர் தரும் உறுதிமொழிக் கடிதத்தை ஏற்கமாட்டோம் என்றார்கள். அவர் விடுப்பில் போனார். தணிக்கை என்பது கடைசியில் எதன்மேல் நிற்கிறது என்பதை இந்தச் சின்னச் சம்பவம் காட்டிக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் ஆடிட்டர் பார்க்க முடியாது. மீதிக்கு 'நாங்கள் சொன்னதெல்லாம் உண்மை' என்று நிர்வாகம் எழுதித் தரும் கடிதம்தான். அந்தக் கடிதத்தை எழுதுபவரே கமிஷன் வாங்குபவராக இருந்தால்?

2015 ஜனவரி இறுதியில், தணிக்கை செய்யாத கணக்கை நிறுவனம் தானாகவே வெளியிட்டது. அதில் ஓர் எண். குற்றச்சாட்டுக்குள்ளான ஒப்பந்ததாரர்கள் கட்டிய 52 சொத்துகளை மதிப்பிட்டுப் பார்த்ததில், 31 சொத்துகள் அவற்றின் நியாயமான மதிப்பைவிட 8,860 கோடி ரெயால் கூடுதலாக ஏட்டில் நின்றன. ஆனால் அந்தத் தொகையை எழுதித் தள்ளவில்லை. அதில் லஞ்சம் எவ்வளவு, எண்ணெய் விலைச் சரிவு எவ்வளவு, மோசமான திட்டமிடல் எவ்வளவு என்று பிரிக்க முடியாது, ஆகவே இந்த முறை பொருந்தாது என்றது இயக்குநர் குழு. ஒரு வாரத்துக்குள் தலைமை அதிகாரி கிராசா ஃபோஸ்டர் பதவி விலகினார். அந்த எண்ணை வெளியே சொன்னதற்காகவே பிரேசிலியா கோபப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

அடுத்து வந்தவர் அல்தெமிர் பெந்தினே, அரசு வங்கியொன்றின் தலைவராக இருந்தவர். நிறுவனத்தின் கடன் 10,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஏப்ரல் முடிவதற்குள் தணிக்கையான கணக்கு வராவிட்டால் கடன் கொடுத்தவர்கள் கழுத்தில் துண்டைப் போடலாம். தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் பிப்ரவரியிலேயே அதன் கடன் பத்திரங்களைக் குப்பைத் தரத்துக்கு இறக்கியிருந்தது. ஏப்ரல் 22 அன்று கணக்கு வந்தது. ஊழலுக்காக எழுதித் தள்ளிய தொகை 619 கோடி ரெயால். நிறுவனத்தின் டாலர் கணக்கில் இது சுமார் 250 கோடி டாலர்.

இந்த 619 கோடி எங்கிருந்து வந்தது? கண்டுபிடித்துக் கூட்டிய தொகை இல்லை இது. 2004 முதல் 2012 ஏப்ரல் வரை, கூட்டுச் சதியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட 27 நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களையெல்லாம் எடுத்து, பெரும்பகுதிக்கு அதன் மொத்த மதிப்பைக் கோஸ்டா சொன்ன 3 சதவீதத்தால் பெருக்கினார்கள். நிறுவனத்தின் ஏடுகளில் லஞ்சம் என்று ஒரு பைசாகூடக் கிடையாது. லஞ்சத்தைக் கொடுத்தவர்கள் ஒப்பந்ததாரர்கள், கொடுத்த இடம் பெரும்பாலும் வெளிநாட்டு வங்கிகள். பெட்ரோப்ராஸின் ஏட்டில் இருந்தது உயர்த்தப்பட்ட ஒப்பந்த விலை மட்டும். ஆகவே உலகின் மிகப்பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்று, சிறைக்குப் போன ஒரு முன்னாள் இயக்குநரின் வாய்மொழியைக் கொண்டு தன் இருப்புநிலைக் குறிப்பைத் திருத்தியது. எந்த ஆண்டு எவ்வளவு போனது என்று பிரிப்பது நடைமுறையில் இயலாது என்ற காரணத்தால் பழைய ஆண்டுகளின் கணக்கு அப்படியே விடப்பட்டது. எட்டு வருடத்து லஞ்சம் முழுவதும் ஒரே காலாண்டில் விழுந்தது. தரநிலை இதற்கு இடம் கொடுக்கிறது. நான் குறை சொல்லவில்லை. வேறு வழி இருந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் தணிக்கைச் சான்றோடு வந்த ஓர் எண்ணின் பிறப்பு இப்படியும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே அறிக்கையில் இன்னொரு தொகை இருந்தது: சொத்து மதிப்புக் குறைவு, சுமார் 4,460 கோடி ரெயால். ரியோ அருகே கட்டிக்கொண்டிருந்த காம்பெர்ஜ் வளாகத்துக்கு மட்டும் ஏறக்குறைய 2,180 கோடி, வடகிழக்கில் பெர்னாம்புகோ மாநிலத்து அப்ரெயு எ லிமா சுத்திகரிப்பாலைக்கு 910 கோடிக்கு மேல். இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் திட்டமிடல் குறைபாடு, தள்ளிப்போன வேலைகள், விழுந்த எண்ணெய் விலை. ஊழல் என்ற தலைப்பின் கீழ் இது வரவில்லை.

அப்ரெயு எ லிமாவின் கதையைக் கொஞ்சம் பார்த்தால் இந்தத் தலைப்புப் பிரிவினை எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று தெரியும். சுமார் 250 கோடி டாலரில் முடியும் என்று தொடங்கிய ஆலை, 1,800 கோடி டாலரைத் தாண்டிய பிறகும் பாதி அளவில்தான் 2014 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. கூட்டாளியாக வருவதாகச் சொன்ன வெனிசுவேலா அரசு நிறுவனம் தன் பங்குப் பணத்தைப் போடவே இல்லை. இத்தனைக்குப் பிறகும் வேலை நிற்காமல் போனது ஏன்? ஆலை லாபம் தருமா என்ற கேள்வியைவிட, ஆலை கட்டும் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்ற கேள்வி முக்கியமானவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்கள். கமிஷன் 3 சதவீதம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த 3 சதவீதத்துக்காக மீதி 97 சதவீதமும் தவறான இடத்தில் கொட்டப்பட்டது. பிரேசில் காவல்துறையின் நிபுணர்கள் 2015 நவம்பரில் மொத்த இழப்பு 4,200 கோடி ரெயால் வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆக, ஒரே ஊழலுக்கு 619 கோடி, 4,200 கோடி, 8,860 கோடி என்று மூன்று விடைகள். மூன்றையும் கணக்குப் போட்டவர்கள் விவரமானவர்களே. ஏட்டில் ஏறியது மிகச் சிறிய விடை.

இதன் பின்கதையும் அழகானது இல்லை. கணக்கைச் சுத்தப்படுத்த வந்த பெந்தினே 2017இல் அதே விசாரணையில் கைதாகி, 2018இல் தண்டிக்கப்பட்டார்; 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விசாரணையை நடத்திய நீதிபதி செர்ஜியோ மோரோவே முன்னாள் அதிபர் லூலா விஷயத்தில் பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று 2021இல் அதே நீதிமன்றம் சொன்னது. தண்டனைகள் உதிர்ந்தன. எழுதித் தள்ளிய 619 கோடி மட்டும் ஏட்டில் அப்படியே நிற்கிறது.

பெட்ரோப்ராஸ் வாங்கிய பக்கம். கொடுத்த பக்கத்தில் ஓடெப்ரெக்ட் என்ற கட்டுமான நிறுவனம் இருந்தது, அது இதைவிட நேர்த்தியானது. லஞ்சத்துக்கென்றே அங்கே ஒரு துறை; 'கட்டமைக்கப்பட்ட செயல்பாடுகள் பிரிவு' என்று பெயர். அந்தத் துறைக்கென்று தனிக் கணக்கு மென்பொருள், தனித் தகவல் தொடர்பு வலை, வாங்குபவர்களுக்குப் பட்டப் பெயர்கள். வரவு, செலவு, நிலுவை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டன. கரீபியத் தீவான ஆண்டிகுவாவில் ஒரு வங்கிக் கிளையையே சம்பந்தப்பட்டவர்கள் விலைக்கு வாங்கியிருந்தார்கள். 12 நாடுகளில், நூற்றுக்கும் மேற்பட்ட திட்டங்களுக்காக 78.8 கோடி டாலர் கொடுத்ததாக 2016 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையிடம் ஒப்புக்கொண்டது. எதற்கு எவ்வளவு என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்ததற்குக் காரணம் அந்த இரண்டாவது பேரேடு. சரியான கணக்கு இருந்தது. ஆடிட்டரிடம் போன ஏட்டில் அது இல்லை.

எல்லா நாட்டிலும் லஞ்சம் கட்டடத்துக்குள் ஒளிவதில்லை. சீனாவில் அது நீண்டகாலம் வெளிப்படையாகவே ஒரு செலவு வரியில் உட்கார்ந்திருந்தது: விருந்தோம்பலும் பயணமும். ஹோங்பின் சாய், ஹன்மிங் ஃபாங், லிக்சின் கோலின் ஷு ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சீன நிறுவனங்களின் இந்தச் செலவு மொத்தச் சம்பளச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமாக இருந்ததைக் காட்டியது. அதில் உண்மையான விருந்தும் உண்டு, மேலாளர்களின் ஆடம்பரமும் உண்டு, வேலை நடக்கக் கொடுக்கும் மாமூலும் உண்டு, தொல்லை வராமல் இருக்கக் கொடுக்கும் காப்புப் பணமும் உண்டு. நம்மூரில் 'இதர செலவு' என்று எழுதும் கை எல்லா நாட்டிலும் இருக்கிறது என்பது ஒருவித ஆறுதல். 2012ஆம் ஆண்டுக்குச் சீன ரயில்வே கட்டுமான நிறுவனம் விருந்தோம்பல் செலவு 83.7 கோடி யுவான் என்று அறிவித்தபோது, ஷி ஜின்பிங்கின் சிக்கன உத்தரவு வந்திருந்த நேரம் என்பதால் நாடே கொந்தளித்தது. அடுத்த ஆண்டு பல அரசு நிறுவனங்களின் அறிக்கைகளில் அந்த வரியையே காணோம். செலவு நின்றிருக்கலாம், அல்லது 'மற்றவை'யோடு சேர்ந்திருக்கலாம். அறிக்கையை வைத்து எதையும் சொல்ல வழியில்லை. ஊழலை ஒடுக்க எடுத்த நடவடிக்கையே ஒரு வெளிப்படையான தகவலைத் துடைத்துவிட்டது என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் யோசிக்கவேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கொடுத்ததை மறைப்பது. கொடுக்க நேரக்கூடாதே என்று மறைப்பதும் உண்டு. ஆய்வாளர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார்கள். அதிகாரம் உள்ளவன் கையேந்தும் நாட்டில், நல்ல லாபத்தைப் பளிச்சென்று காட்டுவது அழைப்பிதழ் அனுப்புவதற்குச் சமம். கப்ரியோ, ஃபாச்சோ, மெக்கானல் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஊழல் மிகுந்த நாடுகளில் நிறுவனங்கள் கையில் ரொக்கம் குறைவாக வைத்திருப்பதைக் கண்டார்கள். ரொக்கத்தைக் கேட்பது எளிது. உருட்டாலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நேர்மையாகத் தொழில் செய்பவரும் லாபத்தை அமுக்கிக் காட்ட ஆரம்பித்தால், சிறுபான்மைப் பங்குதாரரும் வங்கியும் படிக்கும் கணக்கு அவர்களுக்காக எழுதப்பட்டதாக இருக்காது. அது இன்ஸ்பெக்டருக்காக எழுதப்பட்டது. வெளிப்படைத்தன்மை இல்லை என்று இந்த நாட்டு நிறுவனங்களைச் சாடும் வெளிநாட்டு முதலீட்டாளர், அந்த இருட்டில் ஒரு பகுதி தற்காப்பு என்பதைப் பார்ப்பதில்லை.

அரசியல் நிழலில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. வேறு சுதந்திரம் இருக்கிறது. சேனி, ஃபாச்சோ, பார்ஸ்லி என்ற மூவரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு பல நாட்டு நிறுவனங்களை எடுத்துக்கொண்டது. அரசியல் தொடர்புள்ள நிறுவனங்களின் கணக்குத் தரம் மற்றவர்களைவிடக் குறைவு. அதில் வியப்பில்லை. வியப்பு அடுத்த முடிவில்: மற்ற நிறுவனங்கள் மோசமான கணக்குக் காட்டினால் கடனுக்குக் கூடுதல் வட்டி கட்டவேண்டியிருக்கிறது, தொடர்புள்ளவர்களுக்கு அந்தத் தண்டனை இல்லை. சந்தை ஒழுங்குபடுத்தும் என்ற நம்பிக்கை அவர்கள் வாசலில் நின்றுவிடுகிறது. சுகார்த்தோ காலத்து இந்தோனேசியாவை ஆராய்ந்த லாய்ஸ், ஓபர்ஹோல்ஸர்-கீ இருவரும், அதிபருக்கு நெருக்கமான நிறுவனங்கள் வெளிநாட்டுச் சந்தைகளில் பங்கு வெளியிட அவ்வளவாகப் போகவில்லை என்று கண்டார்கள். உள்ளூர் அரசு வங்கி கேள்வி கேட்காமல் கடன் கொடுக்கும்போது, நியூயார்க் போய்க் கேள்விக்குப் பதில் சொல்வானேன்?

அப்படியானால் ஆடிட்டர்கள் என்ன செய்கிறார்கள்? தென்னாப்பிரிக்கா ஒரு பதில் தருகிறது. ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் ஃப்ரேடே என்ற ஊரில் ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய பால்பண்ணைத் திட்டத்தின் பணம் துபாய் வழியாகச் சுற்றி வந்து, அப்போதைய அதிபருக்கு நெருக்கமாக இருந்த குப்தா குடும்பத்தின் லிங்க்வே டிரேடிங் என்ற நிறுவனத்தில் இறங்கியது. 2013இல் சன் சிட்டியில் நடந்த அந்தக் குடும்பத் திருமணத்துக்குச் செலவான சுமார் 3 கோடி ராண்ட், லிங்க்வேயின் ஏட்டில் தொழில் செலவாக நின்றது. தணிக்கை செய்தது கேபிஎம்ஜி. கேபிஎம்ஜியின் பங்காளிகள் சிலர் அந்தத் திருமணத்துக்கு விருந்தினராகவும் போயிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் நிறுவனமே, அந்தச் சாப்பாட்டின் பில் தொழில் செலவாக நின்ற கணக்குக்குச் சான்று கொடுத்தது. 2017இல் மின்னஞ்சல்கள் கசிந்து விஷயம் வெளியே வந்தபோது, கேபிஎம்ஜி தென்னாப்பிரிக்காவின் தலைமை அதிகாரி உட்படப் பல மூத்தவர்கள் பதவி விலகினார்கள். வாடிக்கை நிறுவனங்கள் பல கைகழுவின.

மலேசியாவில் வேறு விதம். 2009இல் தொடங்கிய 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தில், கேள்வி கேட்ட ஆடிட்டர்களை மாற்றுவதே வழிமுறை. எர்ன்ஸ்ட் அண்ட் யங் முதல் ஆண்டுக் கணக்கில் கையெழுத்திடும் முன்பே போனது. கேபிஎம்ஜி சில ஆண்டுகள் கையெழுத்திட்டு, கேமன் தீவு நிதியொன்றின் மதிப்புக்கு ஆதாரம் கேட்ட இடத்தில் நீக்கப்பட்டது. டெலாய்ட் வந்து கையெழுத்துப் போட்டது. 450 கோடி டாலருக்கு மேல் சூறையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்கிட்டிருக்கிறது. 2021இல் டெலாய்ட் 8 கோடி டாலரும், கேபிஎம்ஜி 33.3 கோடி ரிங்கிட்டும் மலேசிய அரசுக்குக் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. ஆடிட்டரை நியமிப்பதும் நீக்குவதும் கணக்கு எழுதுபவர் கையிலேயே இருக்கும்வரை, மூன்று பேரில் ஒருவராவது கையெழுத்திடுவார்.

கணக்கு விதியையே சட்டம் போட்டு மாற்றிவிட்டால் ஆடிட்டருக்கும் வேலை இல்லை. இந்தியாவில் 2017 வரை, ஒரு நிறுவனம் அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்று உச்சவரம்பு இருந்தது; எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் பெயரோடு சொல்லவேண்டும். தேர்தல் பத்திரத் திட்டத்தோடு வந்த சட்டத் திருத்தம் இரண்டையும் எடுத்துவிட்டது. மொத்தத் தொகையைச் சொன்னால் போதும். லாபமே இல்லாத நிறுவனமும் கொடுக்கலாம். 2018 முதல் 2024 வரை எத்தனையோ ஆண்டறிக்கைகளில் இந்தத் தொகை ஒற்றை வரியாக வந்து போனது. எல்லாம் சட்டப்படி, தரநிலைப்படி, தணிக்கைச் சான்றோடு. பங்குதாரருக்குத் தன் பணம் ஆளுங்கட்சிக்குப் போனதா எதிர்க்கட்சிக்குப் போனதா, இல்லை இரண்டுக்குமா என்று தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையும் கம்பெனிச் சட்டத் திருத்தங்களையும் ரத்து செய்து, கைமாறுக்குக் கைமாறு நடக்கும் வாய்ப்பைக் குறிப்பிட்டது. மார்ச்சில் ஸ்டேட் வங்கி கொடுத்துத் தேர்தல் ஆணையம் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தபோதுதான் பங்குதாரர்கள் தங்கள் நிறுவனம் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துகொண்டார்கள். இதை லஞ்சம் என்று நான் சொல்லவில்லை. மறைப்பதற்குச் சட்டமே வழி செய்தால், நிதி அறிக்கையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

வளரும் நாடுகளின் ஒழுக்கக் குறைவு என்று இதை முடித்துவிட நினைப்பவர்களுக்கு ஜெர்மனியை நினைவூட்டலாம். வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைச் செலவென்று காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அங்கே 1999 வரை முடிந்தது. லஞ்சம் பேரேட்டில்தான் வாழ்கிறது என்பதை முதலில் சட்டமாக்கிய நாடு அமெரிக்கா. 400க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் 30 கோடி டாலருக்கு மேல் சந்தேகத்துக்குரிய வழிகளில் கொடுத்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்ட பிறகு, 1977இல் வந்த சட்டம் லஞ்சத்தைத் தடை செய்ததோடு நிற்கவில்லை. தவறாகக் கணக்கு எழுதுவதையே தனிக் குற்றமாக்கியது. லஞ்சம் கொடுத்ததை நிரூபிக்க முடியாவிட்டாலும், லஞ்சத்தைச் சுவர் என்று எழுதியதை நிரூபித்தால் போதும். காக்னிசண்ட், பெட்ரோப்ராஸ், ஜெர்மனியின் சீமென்ஸ் எல்லாம் அகப்பட்டது இந்த வலையில்தான். 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் அந்தச் சட்ட அமலாக்கத்தை நிறுத்தி வைத்தார். பிறகு புதிய வழிகாட்டுதல்களோடு மீண்டும் தொடங்கினாலும், பிற நாட்டுக் கணக்குப் புத்தகத்தை வாஷிங்டன் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்த காலம் முடிந்தது. சொந்தக் கண்காணிப்பைக் கட்டியெழுப்பாத நாடுகளுக்கு இது நல்ல செய்தி இல்லை. இந்தியாவில் தணிக்கையாளர்களுக்கு மேலான தேசிய ஆணையமே 2018இல்தான் வந்தது.

பெட்ரோப்ராஸ் கணக்கில் ஒரு பாக்கி இருக்கிறது. தவறான அறிக்கையை நம்பி வாங்கினோம் என்று அமெரிக்கச் சந்தை முதலீட்டாளர்கள் போட்ட வழக்கை 2018 ஜனவரியில் 295 கோடி டாலருக்கு நிறுவனம் தீர்த்துக்கொண்டது. ஆடிட்டர்களின் பிரேசில் கிளை 5 கோடி கட்டியது. ஊழல் என்று ஏட்டில் எழுதித் தள்ளிய தொகையைவிட, அதைப் பற்றிச் சரியாகச் சொல்லாததற்குக் கொடுத்த விலை அதிகம். அந்தப் பணம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். சாவோ பாவ்லோ சந்தையில் அதே நிறுவனத்தின் பங்கை வைத்திருந்தவர்கள் மத்தியஸ்த மன்றத்துக்குப் போகும்படி விடப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டில் அரசு தந்த சலுகையில் தங்கள் சேமநல நிதியில் பாதிவரை எடுத்து பெட்ரோப்ராஸ் பங்கில் போட்ட பிரேசில் தொழிலாளிகள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களும் சாவோ பாவ்லோ பக்கம்தான். நியூயார்க் முதலீட்டாளருக்குப் போன 295 கோடி, அவர்களுக்கும் பங்கு இருந்த நிறுவனத்தின் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது.